மூன்று சக்கரத்தில் கோட்டைப்பட்டினம் வரை

வெள்ளிக்கிழமை, காலை 5.20

திருச்சி கே.கே. நகரில் எங்கள் குடியிருப்பின் இரும்புக் கதவைக் காவலாளி திறந்துவிட்டபோது வண்டியின் மீட்டர் 41,306 கிலோமீட்டர் காட்டியது. மாசி மாதப் பனி தெருவிளக்குகளைச் சுற்றி உருண்டையாக நின்றது. தெரு நாய்கள் எழுந்து பார்த்தன. குரைக்கலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க முடியாமல் மறுபடி படுத்துக்கொண்டன.

அவற்றைக் குறை சொல்ல முடியாது. வண்டி, பதினெட்டு வருடப் பழைய புல்லட். அதன் இடப்பக்கத்தில் குழாய்ச் சட்டம் போட்டு இறுக்கிய ஓர் இரும்புத் தொட்டி, தொட்டிக்கு வெளிப்பக்கம் ஒற்றைச் சக்கரம். சைடுகார் என்பது முறையான பெயர். வீட்டில் நாங்கள் தொட்டி என்றே சொல்லிப் பழகிவிட்டோம். ஓட்டுபவள் என் மனைவி கயல்விழி. நாற்பத்தேழு வயது, ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. தொட்டிக்குள் பெல்ட் போட்டு, ஹெல்மெட் மாட்டி, மடியில் தண்ணீர் பாட்டிலோடு உட்கார்ந்திருப்பவன் நான்.

நான் நில அளவையாளன். இருபத்திரண்டு வருடம் வரப்புகளிலும் கண்மாய்க் கரைகளிலும் நடந்து அளந்தவன். மூன்றரை வருடத்துக்கு முன் ஒரு காய்ச்சல் வந்தது. அது போகும்போது வலது காதின் சமநிலை நரம்பையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. காது கேட்கும். ஆனால் தலையைத் திருப்பினால் உலகம் ஒரு கணம் தாமதமாகத்தான் திரும்பும். இருட்டில் நடக்கச் சுவர் வேண்டும். இனி இரண்டு சக்கர வண்டி ஓட்டக் கூடாது என்றார் மருத்துவர். அலுவலகத்தில் மேசை வேலை கொடுத்தார்கள். நான் புல்லட்டின் மேல் தார்ப்பாயைப் போட்டு நான்கு மூலையையும் கட்டிவிட்டு, அதைப் பற்றிப் பேசுவதையும் நிறுத்திக்கொண்டேன்.

மூன்று வருடம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை கயல் என்னைக் கேட்காமலே அந்தத் தார்ப்பாயை உருவினாள். பக்கத்தில் ஷாஜகான் நின்றிருந்தார். வளைகுடாவில் பாலைவன முகாம்களில் பதினான்கு வருடம் வண்டி வேலை பார்த்தவர். அப்போது திருச்சியில் ஒரு பட்டறையில் இருந்தார். முப்பத்தெட்டு நாளில் தொட்டியைச் செய்து முடித்தார். அதை ஆர்.சி.யில் ஏற்ற நான் அலைந்தது அதைவிட நீளமான பயணம், அது இங்கே வேண்டாம். பிறகு ஷாஜகான் சொந்த ஊரான கோட்டைப்பட்டினத்துக்கே திரும்பிப் போய்க் கடை போட்டுவிட்டார். போகும்போது, இரண்டாயிரம் கிலோமீட்டர் ஓடியதும் வண்டியைக் கொண்டுவந்து காட்ட வேண்டும், வெல்டிங்கைத் தானே பார்க்க வேண்டும் என்று சொல்லியிருந்தார். அந்தக் கணக்கு முடிந்துவிட்டது. அதனால்தான் இந்தப் பயணம்.

புதுக்கோட்டை, அறந்தாங்கி வழியாகத் தார்ச்சாலையிலேயே போனால் நான்கு மணி நேரம். கயலுக்கு அதில் விருப்பமில்லை. மண் பாதையில் போவதற்கென்றே முரட்டுப் பட்டன் டயர் போட்டிருக்கிறோம், மூன்று நாள் விடுப்பும் இருக்கிறது என்றாள்.

காலை 6.35, நார்த்தாமலை

சைடுகார் ஓட்டுவது மோட்டார் சைக்கிள் ஓட்டுவது போல இருக்கும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. திருப்பத்தில் இது சாயாது. ஹேண்டில்பாரைக் கையால் இழுத்துத்தான் திருப்ப வேண்டும். ஆக்சிலேட்டரை முறுக்கினால் தொட்டி பின்தங்கி, வண்டி இடது பக்கம் இழுக்கும். பிரேக் பிடித்தால் தொட்டி முந்தப் பார்க்கும், வண்டி வலது பக்கம் ஓடும். இடது திருப்பத்தில் வேகமாகப் போனால் தொட்டியின் சக்கரம் தரையை விட்டு எழும்பும். உள்ளே இருப்பவர் வெளியே எட்டிச் சாய்ந்து தன் எடையால் அதைக் கீழே வைக்க வேண்டும். ஆக, தொட்டியில் இருப்பவர் சவாரி செய்யும் விருந்தாளி அல்ல. பாதி வேலை அவருடையது. இதை நான் கற்றுக்கொள்ள மூன்று மாதம் ஆனது. சாய்வது என்றால் என்னவென்று என் உடம்பு மறந்திருந்தது.

கீரனூரைத் தாண்டி, முப்பத்து நான்காவது கிலோமீட்டரில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கினோம். பனிக்குள்ளிருந்து பாறைக் குன்றுகள் ஒவ்வொன்றாக வந்தன. மரமில்லாத, வழவழப்பான, படுத்துக் கிடக்கும் பெரிய விலங்குகளின் முதுகு போன்ற குன்றுகள். மேலமலையின் பாறைச் சரிவில் விஜயாலய சோழீச்சுரத்தின் விமானத்தில் மட்டும் வெயில் விழுந்திருந்தது. கீழே ஊர் இன்னும் நீல நிறத்தில் இருந்தது. வழுக்குப் பாறையில் ஏற என் கால்களை நம்ப முடியாது. இருவரும் வண்டியை ஓரம் நிறுத்தி, அந்த வெயில் மெதுவாகப் பாறை வழியே கீழே இறங்கி வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஒன்று சொல்ல வேண்டும். சும்மா நிற்கும்போது எனக்கு உலகம் லேசாக ஆடும். தொட்டியில் போகும்போது எல்லாமே ஆடுகிறது, அதனால் என் ஆட்டம் எனக்குத் தெரிவதில்லை. தரையிலிருந்து முக்கால் அடி உயரத்தில் உட்கார்ந்து, கோரைப்புல் காதோரம் உரசிப் போக, ஓர் ஓடத்தில் போவது போல அன்று போய்க்கொண்டிருந்தேன். மூன்று வருடத்தில் என் தலைக்குக் கிடைத்த ஓய்வு அதுதான்.

காலை 8.10

ஓய்வு நெடுநேரம் நீடிக்கவில்லை. நான் வாயைத் திறந்துவிட்டேன்.

அன்னவாசல் பக்கம் போக, கைவிட்ட கல்குவாரி ஒன்றின் வழியாக ஒரு வண்டிப்பாதை போகிறது. செம்புறாங்கல் சரளை. டிராக்டர் சக்கரங்கள் பதிந்த இரண்டு பள்ளம், நடுவில் மேடு. சைடுகாருக்கு டிராக்டரின் அகலம் கிடையாது. பைக் வலது பள்ளத்தில் ஓடினால் தொட்டியின் சக்கரம் நடுமேட்டில் ஏறிக்கொள்ளும். கயல் அதைப் பொறுமையாகச் சமாளித்துக்கொண்டுதான் வந்தாள். நான் கீழேயிருந்து சொல்லிக்கொண்டே வந்தேன். கல் வருது, வலது எடு, கியரைக் குறை, இப்ப முறுக்கு. பதினைந்து வருடம் அந்த வண்டியை ஓட்டியவன் என்கிற உரிமை.

அறுபது மீட்டர் நீளமுள்ள ஓர் ஏற்றம். இடது பக்கம் உயர்ந்து, வலது பக்கம் சரிந்த தரை. வலது பள்ளத்தில் ஒரு பாறை முனை தெரிந்தது. நான் "பிரேக்!" என்று கத்தினேன். அவள் பிடித்தாள். வண்டி வலது பக்கம், சரிவை நோக்கித் திரும்பியது. தொட்டி எழும்பியது.

எனக்குக் கீழே தரை இல்லை. நான் இடது பக்கம் எட்டிச் சாய்ந்திருக்க வேண்டும். என் கைகள் பயத்தில் வலது விளிம்பைப் பிடித்துக்கொண்டன. என் எடையும் சேர்ந்து வண்டியைக் கவிழ்க்கப் பார்த்தது. கயல் வலது காலைத் தரையில் ஊன்றி மொத்தப் பாரத்தையும் தாங்கிக்கொண்டு நின்றாள். அவள் கத்தவில்லை.

"இடது பக்கம் சாயுங்க. என் பக்கம் இல்ல. வெளிய, மேட்டுப் பக்கம்."

எது இடது என்று தெரிய எனக்கு ஒரு கணம் தேவைப்பட்டது. சாய்ந்தேன். தொட்டி தடாலென்று தரையில் விழுந்தது. அவள் இன்ஜினை அணைத்து, இறங்கி, பேன்ட்டைச் சுருட்டிப் பார்த்தாள். கெண்டைக்காலில் சைலன்சர் பட்டு உள்ளங்கையளவு சிவந்திருந்தது. மடியிலிருந்த தண்ணீரை அதில் ஊற்றினேன்.

"பாறைய நான் பாத்துட்டேன். ஓரமா ஏறிப் போயிருப்பேன்" என்றாள். "நீங்க சொன்னதாலதான் பிரேக் பிடிச்சேன். ஒரு வண்டிய ரெண்டு பேர் ஓட்ட முடியாதுங்க. எனக்குப் பயமா இருந்தா நானே உங்ககிட்டக் கேக்குறேன்."

நான் சரி என்றேன். அங்கிருந்து அன்னவாசல் ஒன்பது கிலோமீட்டர். தைல மரக் காடு வழியாகப் பாதை போனது. உரித்த பட்டைகள் சக்கரங்களுக்கடியில் நொறுங்கின. வெயில் பட்டதும் காடு முழுக்கத் தலைவலித் தைலத்தின் மணம். அன்னவாசல் கடைவீதியில் டீ பன்னிரண்டு ரூபாய். டீக்கடையில் இருந்த ஒருவர் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்து, ஆட்டோவா பைக்கா என்று கேட்டார். இரண்டும் என்றாள் கயல். அப்ப எந்த ஸ்டாண்டுல நிறுத்துவீங்க என்று அவர் கேட்டதற்கு நாங்கள் இருவருமே சிரித்தோம். ஆனால் ஒருவரையொருவர் பார்க்காமல்.

காலை 10.30, சித்தன்னவாசல்

குகைக்கு நுழைவுச் சீட்டு நபருக்கு 25 ரூபாய். உள்ளே குளிர்ச்சி. ஓவியம் கூரையில் இருக்கிறது. கூரையைப் பார்க்கத் தலையை நிமிர்த்த வேண்டும். நிமிர்த்தினால் எனக்கு மலையே சுற்றும். நான் தூணைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றேன். கயல் அண்ணாந்து பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்து, நான் கேட்காமலே, தாழ்ந்த குரலில் சொல்ல ஆரம்பித்தாள்.

ஒரு குளம். முழுக்கத் தாமரை. நிறைய அழிந்துபோய்விட்டது, இலைகளின் பச்சை மட்டும் அங்கங்கே. மீன்கள் இருக்கின்றன. ஒரு யானை. வாத்து மாதிரி ஏதோ. ஒருவன் தண்ணீரில் இறங்கிப் பூப்பறிக்கிறான், தண்டோடு தோளில் போட்டிருக்கிறான். அவன் முகத்தில் அவசரமே இல்லை.

நான் கண்ணை மூடிக்கொண்டு அந்தக் குளத்தில் இறங்கினேன். இன்றுவரை நான் அந்த ஓவியத்தைப் பார்த்ததில்லை. ஆனால் அதைப் பார்த்ததாகவே நினைவு சொல்கிறது.

மதியம் புதுக்கோட்டையில் பரோட்டாவும் முட்டை மாஸும். முட்டை மாஸ் தட்டு 70 ரூபாய். வேகவைத்த முட்டையைத் துண்டு போட்டு, வெங்காயம் தக்காளி மசாலாவில் பிரட்டித் தருவார்கள். இந்த ஊரை விட்டு வெளியே அந்த ருசி எனக்கு அமையவில்லை. மாலை ஆலங்குடியில் அறை எடுத்தோம். 900 ரூபாய். கயலின் காலுக்கு மருந்து போட்டுவிட்டு, இரண்டு பேரும் ஏழரை மணிக்கே தூங்கிவிட்டோம்.

சனிக்கிழமை, காலை 6.05

ஆலங்குடியிலிருந்து கீரமங்கலம் போகும் சாலையை விட்டு, தென்னந்தோப்புகளுக்கு நடுவே ஒரு மணல் பாதையில் இறங்கியிருந்தோம். மணலில் தொட்டியின் சக்கரம் புதைந்து பின்னுக்கு இழுக்கும். கயல் ஹேண்டில்பாரை வலது பக்கம் அழுத்திப் பிடித்தபடியே ஓட்டினாள். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. பனி தென்னைகளின் இடுப்பு வரை நின்றது. கீற்றுகள் மட்டும் மேலே மிதந்தன.

பாதை நடுவில் ஒரு பெண் மொபெட்டைப் படுக்கப் போட்டுவிட்டு நின்றிருந்தார். பக்கத்தில் ஈரச் சாக்கில் கட்டிய இரண்டு மூட்டைகள். செயின் அறுந்துவிட்டதாம். பெயர் சித்ரா. அரை ஏக்கரில் முல்லை போட்டிருக்கிறார். இரண்டு ஆள் வைத்து, நள்ளிரவிலிருந்து நெற்றி விளக்கு கட்டிக்கொண்டு தானும் சேர்ந்து பறித்த அரும்பு, மொத்தம் பதினொரு கிலோ. வீட்டுக்காரர் போனை எடுக்கவில்லை. மூட்டைகளைச் சுமந்து நடந்து போகக் கீரமங்கலம் நான்கரை கிலோமீட்டர்.

"வெயில் ஏறுனா அரும்பு வாயத் தொறந்துரும்க்கா. விரிஞ்ச பூவ எவன் வாங்குவான்? ஏழு மணிக்குள்ள போனா கிலோ நானூத்தம்பது. எட்டாச்சுன்னா பாதிக்குக் கேப்பானுக" என்றார் கயலிடம். பிறகு தொட்டியைப் பார்த்தார். "இங்கிட்டு ஏத்துனாத் தாங்குமா?"

கயல் என்னைப் பார்த்தாள். தொட்டியில் மூட்டைகளும் சித்ராவும் என்றால், நான் உட்கார ஒரே இடம்தான் இருந்தது. மூன்றரை வருடமாக நான் தொடாத இடம், இருசக்கர வண்டியின் சீட். மூன்றாவது சக்கரம் இருக்கிறது, விழாது என்று புத்திக்குத் தெரியும். உடம்புக்குப் புத்தி சொல்வது கேட்பதில்லை. வேண்டுமானால் நான் அங்கேயே நிற்கிறேன், விட்டுவிட்டு வா என்று சொல்ல நினைத்தேன். சித்ரா அதற்குள் மூட்டைகளைத் தொட்டியில் வைத்து, நடுவில் தானும் இறங்கிச் சம்மணம் போட்டுவிட்டார்.

"எந்திரிச்சு ஏறுங்க" என்றாள் கயல். "என் தோளப் பிடிச்சுக்கங்க. பின்னால பாக்காதீங்க, முன்னால தூரத்துல ஒரு மரத்தப் பாருங்க."

ஏறினேன். முதல் நூறு மீட்டரில் நான் எதையும் பார்க்கவில்லை. கால்களுக்கிடையே அந்தப் பழைய இன்ஜினின் துடிப்பு மட்டும் இருந்தது. பிறகு அவள் சொன்னபடி ஒரு மரத்தைப் பார்த்தேன். அது வந்து போனது, அடுத்த மரத்தைப் பார்த்தேன். ஒரு வாய்க்கால் குறுக்கிட்டது, கணுக்கால் அளவுத் தண்ணீர். கயல் நிறுத்தாமல் இறக்கினாள். தண்ணீர் இரண்டு பக்கமும் இறக்கை போல விரிந்து, பூமூட்டை மேல் தெளித்தது. "நல்லதுதான், நனையட்டும்" என்றார் சித்ரா. அதைத் தாண்டியதும் இடது பக்கம் ஒரு கூர்மையான திருப்பம். தொட்டி எழும்பும் என்று எனக்குத் தெரியும். சொல்லலாமா என்று நான் யோசிப்பதற்குள் சித்ரா ஒரு கையால் மூட்டையை அணைத்தபடி வெளியே சாய்ந்தார். வண்டி ஒட்டிக்கொண்டு திரும்பியது. யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. தினமும் மொபெட்டில் இரண்டு மூட்டைகளோடு மணலில் போகிறவர்.

முல்லையின் மணம் ஒரு நூலைப் போல எங்கள் பின்னால் நீண்டு வந்தது. நான் எப்போது கயலின் தோளிலிருந்து கையை எடுத்தேன் என்று தெரியவில்லை. இரண்டு கையும் என் தொடைமேல் இருப்பதைக் கீரமங்கலம் பேருந்து நிலையத்துக்கருகில்தான் கவனித்தேன்.

6.50. கமிஷன் கடைகளில் பூக்களைக் கொட்டிக் குவித்திருந்தார்கள். முல்லை, மல்லிகை, காக்கரட்டான், செண்டி. தராசுகளின் சத்தமும் விலைக் கூவலும். சித்ராவின் அரும்பு ஒன்றுகூட வாய் திறக்கவில்லை. நானூற்று ஐம்பதுக்கே போனது. அவர் விடைபெறும்போது கயலின் ஹெல்மெட்டை வாங்கி அது நிறைய முல்லையை அள்ளிப் போட்டார். இனி இதை எப்படித் தலையில் மாட்டுவது என்று கயல் கேட்டாள். "அப்படியே கவுத்துக்கங்க" என்றார் சித்ரா.

மதியம் 12.40, கோட்டைப்பட்டினம்

அறந்தாங்கிக்குப் பிறகு பச்சை குறைந்து வானம் பெரிதாகிறது. பனைகள், உடைமரங்கள், வெள்ளை பூத்த உவர்த் தரை. மணமேல்குடியில் கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்துத் தெற்கே வந்தோம். மீட்டர் 41,517. சுற்றிச் சுற்றி வந்ததில் 211 கிலோமீட்டர் ஆகியிருந்தது.

ஷாஜகான் கடையை அடைத்துவிட்டு எங்களுக்காகக் காத்திருந்தார். அவர் மனைவி நண்டு ஆணம் என்கிற குழம்பும் தேங்காய்ச் சோறும் வைத்தார். சாப்பிடும்போது ஷாஜகான் பயணத்தைப் பற்றிக் கேட்டார். கயல் கல்குவாரியை விட்டுவிட்டு மற்றதைச் சொன்னாள். நான்தான் அதையும் சொன்னேன், என் கை எந்தப் பக்கம் பிடித்தது என்பது உட்பட. ஷாஜகான் சாப்பிடுவதை நிறுத்தினார். தொட்டி விழுந்த உயரத்தைக் கேட்டார். பிறகு, வெயில் தாழட்டும், கடலோரம் போய் ஓட்டிப் பார்க்கலாம் என்றார்.

மாலை 4.45

இந்தக் கடலுக்கு அலை கிடையாது. ஊருக்கு வெளியே கரை எது தண்ணீர் எது என்று தெரியாமல் ஒரு சாம்பல் வெளி கிடக்கிறது. நீர் விலகிய நேரத்தில் அரை மைலுக்கு இறுகிய சேற்று மணல். அதில் வானம் அப்படியே படிந்திருந்தது. தூரத்தில் படகுகள் தண்ணீரில் நிற்கின்றனவா காற்றில் நிற்கின்றனவா என்று சொல்ல முடியவில்லை. சமநிலை நரம்பு உள்ளவர்களுக்கே அங்கே தலை சுற்றும்.

வண்டி ஓடும்போது சட்டத்தின் அசைவை வெளியிலிருந்து பார்க்க வேண்டும் என்றார் ஷாஜகான். கயலை ஓட்டச் சொல்வார் என்று நினைத்தேன்.

"அக்கா ஓட்டுறத வரும்போதே பாத்துட்டேன். அண்ணே, நீங்க ஓட்டுங்க. அக்கா தொட்டியில ஒக்காரட்டும்" என்றார். நான் மருத்துவர் சொன்னதைச் சொன்னேன். "ரோட்டுல ஓட்ட வேணாம். இங்க என்னத்துல போயி முட்டுவீங்க? கடல்லயா?"

கயல் மறுப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் தொட்டிக்குள் இறங்கிப் பெல்ட் போட்டாள். அப்போதுதான் எனக்குத் தோன்றியது: அவள் அதில் ஒரு தடவைகூட உட்கார்ந்ததில்லை.

முதல் கியர். வண்டி இடது பக்கம் இழுத்தது. பிடித்தேன். இரண்டாவது கியர். சேற்று மணலில் சக்கரங்கள் போடும் சத்தம் துணி கிழிப்பது போல இருந்தது. அடிவானத்தின் மேல் கண்ணை வைத்துக்கொண்டேன். எல்லாம் அசைந்தன, எதுவும் சுற்றவில்லை. மூன்றாவது கியரில் சிரிக்க ஆரம்பித்தேன் என்று நினைக்கிறேன். மேகங்களின் மேல் ஓட்டிக்கொண்டிருந்தேன். இருநூறு மீட்டர் போய், திரும்புவதற்காக இடது பக்கம் இழுத்தேன். வேகம் கொஞ்சம் அதிகம்.

தொட்டி எழும்பியது. கயல் சாயவில்லை. அவள் நான் பிடித்த அதே வலது விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உறைந்து உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்தை அதற்கு முன் ஒரு முறைதான் பார்த்திருக்கிறேன், என்னை மருத்துவமனையில் சேர்த்த அன்று. பிரேக்கைத் தொடக் கூடாது. ஆக்சிலேட்டரை மெதுவாக விட்டு, ஹேண்டில்பாரைக் கொஞ்சம் கொஞ்சமாக நேராக்கினேன். தொட்டி இறங்கி, பூவை வைப்பது போலத் தரையில் உட்கார்ந்தது.

நிறுத்தினேன். தூரத்தில் ஷாஜகான் நடந்து வந்துகொண்டிருந்தார். கயல் கொஞ்ச நேரம் இறங்கவில்லை.

"இதுல உக்காந்தா ஒண்ணுமே நம்ம கையில இல்ல" என்றாள். "நாலு மாசமா எப்படிங்க வந்தீங்க?"

"கத்திக்கிட்டேதான வந்தேன்" என்றேன்.

அவள் விளிம்பிலிருந்து கையை எடுத்துப் பார்த்தாள். விரல்கள் வெளுத்திருந்தன. "நானா இருந்தா இன்னும் கத்தியிருப்பேன்" என்றாள். வண்டியிலிருந்து இறங்காமலே நான் அவளிடம் மன்னிப்பு கேட்டேன்; அவளும் ஏதோ சொன்னாள். அதை இங்கே எழுதப் போவதில்லை.

ஷாஜகான் எங்களைப் பார்க்காமல் நேராக வண்டிக்கடியில் படுத்தார். டார்ச் அடித்துப் பார்த்தார். என்னைக் குனியச் சொல்லிக் காட்டினார். தொட்டியையும் பைக்கையும் பிடிக்கும் கீழ்க்குழாயில், வெல்டிங்கை ஒட்டி, தலைமுடி போல ஒரு கோடு. குவாரியில் விழுந்த அடி. நீங்கள் எழுப்பி இறக்கியதில்தான் வாய் திறந்து காட்டியது என்றார். நெடுஞ்சாலையில் எண்பதில் போகும்போது விட்டிருந்தால் தொட்டி ஒரு பக்கம், பைக் ஒரு பக்கம் என்று அவர் சொல்லவில்லை. கையால் காட்டினார்.

"என் வெல்டுதான், அண்ணே. இந்த எடத்துல கீழ ஒரு பட்டை குடுத்திருக்கணும். தப்பு என்னோடது" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை, காலை 11.15

ஏழு மணிக்கே கடையைத் திறந்து, குழாயை அறுத்து, புதிதாக ஒன்று வைத்து, அடியில் தடித்த பட்டை கொடுத்து வெல்டிங் செய்தார். மூன்று மணி நேரம். நாங்கள் வெளியே பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்து, கருவாட்டு மணத்திலும் கடல் காற்றிலும் அரைக்கண் மூடிக் கிடந்தோம். வேலை முடிந்ததும் அவர் தானே தொட்டிக்குள் நின்று மூன்று முறை குதித்துப் பார்த்தார். கூலி வாங்க மறுத்தார். ஆயிரம் கிலோமீட்டரில் மறுபடி பார்க்க வேண்டும், ஆனால் இந்த முறை தானே திருச்சிக்கு வருவதாகச் சொன்னார்.

கிளம்பும்போது மீட்டர் 41,523. திரும்பும் வழி தார்ச்சாலை. கயலின் காலுக்கும் புது வெல்டிங்குக்கும் அதுதான் நல்லது. அறந்தாங்கியில் நிறுத்தி இளநீர் குடித்தோம், ஒன்று 45 ரூபாய். புதுக்கோட்டைக்கு 1.50க்கு வந்து சேர்ந்தோம். எலுமிச்சை சாதம் சாப்பிட்டோம். நகரத்தை விட்டு வெளியே வந்து திருச்சி சாலை ஏறும்போது வெயில் வெள்ளையாக இருந்தது, சாலையோரப் புளியமரங்களின் நிழல் ஒன்றுவிட்டு ஒன்றாக என் மடிமேல் விழுந்து எழுந்தது. மணி 2.20. அதை எழுதிக்கொண்டேன்.

அடுத்து நான் எழுதியிருப்பது 3.40, கே.கே. நகர். கயல் என் ஹெல்மெட்டைத் தட்டினாள். எங்கள் குடியிருப்பின் கேட் எதிரே நின்றுகொண்டிருந்தோம். காவலாளி சிரித்தார். என் கழுத்து ஒரு பக்கம் வலித்தது, குறிப்பேடு காலடியில் கிடந்தது.

புதுக்கோட்டைக்கும் திருச்சிக்கும் இடையே ஐம்பத்து மூன்று கிலோமீட்டர். அந்த வழியில் நார்த்தாமலைக் குன்றுகள் பிற்பகல் வெயிலில் எப்படி இருந்தன, கீரனூரில் கூட்டம் இருந்ததா, திருப்பங்களில் கயல் எப்படி ஓட்டினாள் என்று வாசகர்கள் கேட்டால் என்னிடம் பதில் இல்லை. நான் தூங்கிவிட்டேன்.